நீர் தேங்கும் ஊரில் மூங்கில் வீடு

செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்துச் செய்கிறவள் நான். வெறும் களிமண் உருண்டை ஒன்று. சுண்ணாம்பு சேர்த்துப் பிசைந்து, ஈரச் சாக்கு போர்த்தி ஒரு மாதம் பக்குவப்படுத்திய உருண்டை இன்னொன்று. இரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முதலாவது கரைந்து சேறாகிவிடும், மற்றது அப்படியே கிடக்கும்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஏழை வீடு நிற்பதும் விழுவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. 2022 வெள்ளத்தில் அந்நாட்டில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் சேதமாயின. சிந்து தட்டையான பூமி. தண்ணீர் வடிய வழியில்லாமல் பல இடங்களில் மாதக்கணக்கில் நின்றது. அடிச்சுவரில் ஈரம் ஏற ஏற மண்வீடுகள் உட்கார்ந்துவிட்டன.

ஆனால் அதே சிந்துவில் போனோ என்ற சிற்றூர் தப்பியது. அங்கிருந்த மூங்கில் வீடுகள் பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரியின் வடிவமைப்பு. கராச்சியில் பெரிய கட்டடங்கள் கட்டிப் பேர் வாங்கியவர் அவர். 2000இல் அந்தத் தொழிலை விட்டார். இந்த வீடுகளுக்கு மூங்கில் தட்டிகளைத் தரையிலேயே கட்டி முடித்து, நிமிர்த்திப் பிணைத்து, மண்ணும் சுண்ணாம்பும் பூசுகிறார்கள். வெள்ளம் தள்ளினால் மூங்கில் வளைந்து கொடுக்கும். பூச்சு உதிர்ந்தால் வீட்டுப் பெண்களே மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் மூட்டைக்கு எவரிடமும் கைநீட்ட வேண்டாம். அடுப்பையும் மண்மேடை கட்டி உயரத்தில் வைத்தார்கள். கற்றுக்கொண்ட பெண்கள் ஊர் ஊராகப் போய்க் கட்டிக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். இந்த அடுப்புத் திட்டத்துக்கு 2018இல் உலக வாழிட விருது கிடைத்தது.

இந்த வீடுகளால் கரிம உமிழ்வே கிடையாது என்ற பேச்சை மட்டும் நான் யோசித்துத்தான் ஏற்பேன். சுண்ணாம்பைச் சுடவும் சூளை எரியவேண்டும். ஆனால் அதற்கு 900 டிகிரி போதும். சிமெண்டுக்கு 1,450 வேண்டும். தவிர, சுடும்போது வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பங்கைச் சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும்.

என்னை அதிகம் உறுத்துவது நிலம். கோலி, பீல் சமூகத்துக் கூலி விவசாயிகள் பலர் குடியிருக்கும் மண் வடேரா எனப்படும் நிலக்கிழாருடையது. போ என்றால் போகவேண்டியதுதான்; அதனால் கல்வீடு கட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? மூங்கில் தட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அவர்களுக்கு ஆறுதல்தான், ஆனால் அது உரிமையாகாது. 2022க்குப் பின் சிந்து அரசு தொடங்கிய வீடமைப்புத் திட்டம் பெண்கள் பெயரில் மனைப் பட்டா தருகிறது. லாரியின் மூங்கில் வீட்டை மனதாரப் போற்றுகிற நான், அந்தப் பட்டாவைத்தான் முதலில் கேட்பேன்.