இரண்டே நாளில் கோமோ ஏரி: இதெல்லாம் தெரியுமா?

மிலான் வரைக்கும் போகிறவர்களுக்கு ஒரு சனி, ஞாயிறு கையில் இருந்தால் போதும். மிலான் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் கோமோ ஊர், அதன் வாசலிலேயே கோமோ ஏரி. ஏரி என்றதும் நம்மூர்க் கண்மாயை நினைத்துவிடாதீர்கள். இதன் ஆழம் 400 மீட்டருக்கும் மேல்! நீர்மட்டம் இருப்பதோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில். கழித்துப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஏரியின் தரை, கடல்மட்டத்துக்குக் கீழே 200 மீட்டரில் கிடக்கிறது! இவ்வளவு ஆழம் தோண்டியது பனியாறுகள்.

உண்டிவில்லைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்கும், அதுதான் ஏரியின் வடிவம். இடது கால் நுனியில் கோமோ, கவட்டையில் பெல்லாஜியோ, அதற்கு எதிர்க்கரையில் வரேன்னா. கோமோவில் இறங்கி வரேன்னாவில் ரயில் ஏறிவிடுங்கள். வந்த வழியே திரும்புகிறவர்கள் அரை நாளை வீணாக்குகிறார்கள்.

சனிக்கிழமை காலை, முதலில் பெரிய தேவாலயம். 1396இல் தொடங்கிய கட்டடம், முடிக்க 18ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது. அதுவல்ல அதிசயம். முகப்பு வாசலின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் சிலைகளைப் பாருங்கள். புனிதர்களா? இல்லவே இல்லை! மூத்த பிளினி, இளைய பிளினி என்ற ரோமானிய மாமனும் மருமகனும். இந்த ஊரில் பிறந்தவர்கள், கிறிஸ்தவர்கள் அல்லர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாமன் செத்தே போனார். மருமகன் தப்பிப் பிழைத்து எழுதிய கடிதங்களால்தான் அந்த வெடிப்பு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. அந்த மாதிரி வெடிப்புக்கு இன்றும் 'பிளினியன்' என்றே பெயர். இன்னும் கேளுங்கள். இந்த இளைய பிளினி பின்னாளில் ரோமானிய ஆளுநராக இருந்தபோது, மதத்தைக் கைவிட மறுத்த கிறிஸ்தவர்களுக்கு மரண தண்டனை விதித்தவர். பேரரசர் டிராஜனுக்கு அவரே எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அவரைக் கொண்டுவந்து தேவாலய வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள்! சொந்த ஊர்ப் பாசம் என்றால் இதுவல்லவா?

அங்கிருந்து சில நிமிட நடையில் ஏரிக்கரை. அங்கே கோயில் போல நிற்கும் வெள்ளைக் கட்டடம் யாருக்கு? அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவுக்கு! டார்ச்சில் போடும் பேட்டரிக்கு மூதாதை இந்த ஊர்க்காரர் செய்ததுதான். செத்த தவளையின் கால் துடிப்பதற்குக் காரணம் தவளைக்குள் இருக்கும் மின்சாரம் என்றார் கால்வானி. இல்லை, அதைத் தொடும் இரண்டு வேறு உலோகங்கள்தான் காரணம் என்றார் வோல்டா. அதை நிரூபிக்கத் துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். 1800இல் உலகுக்கு அறிவித்தார். 'வோல்ட்' என்பது அவர் பெயர்தான். ஆனால் விதியைப் பாருங்கள். பேட்டரியின் நூற்றாண்டுக்காக 1899இல் இந்த ஊரில் பெரிய கண்காட்சி. வோல்டாவின் கைபட்ட கருவிகளையெல்லாம் வைத்திருந்தார்கள். தீப்பிடித்துப் பெரும்பகுதி சாம்பல்! தீ மின்கசிவால் வந்தது என்கிறார்கள். எஞ்சியவையும், சாம்பலானவற்றுக்குப் பதிலாகச் செய்த மாதிரிகளும் 1928இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1894 முதல் ஓடும் கயிற்று ரயிலில் புருனாத்தே மலைக்கு ஏறி இறங்கலாம், ஏழு நிமிடப் பயணம். சனிக்கிழமை வரிசை அனுமார் வால் மாதிரி இருக்கும். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

படகில்தான் விஷயம் இருக்கிறது. விரைவுப் படகில் ஏறாதீர்கள், கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஒன்றும் தெரியாது. மெதுவாகப் போகும் படகு பெல்லாஜியோ சேர இரண்டு மணி நேரம் எடுக்கும். அதில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

டோர்னோ ஊர் தாண்டியதும் வலக்கரையில் தண்ணீரை ஒட்டி ஒரு மாளிகை. அங்கே ஓர் ஊற்று, தானாகப் பொங்குகிறது, தானாக வடிகிறது. நாளுக்கு மூன்று முறை அப்படி நடப்பதாக இளைய பிளினி கடிதம் எழுதிக் காரணம் கேட்டிருக்கிறார்!

கொஞ்ச நேரத்தில் கோமாசினா. இவ்வளவு பெரிய ஏரிக்கு இருப்பது இந்த ஒரே தீவு. 1169இல் கோமோ படை வந்து இதைக் கொளுத்தியது. பிஷப் சாபம் வேறு விட்டாராம், இனி இங்கே மணி ஒலிக்காது, விருந்து நடக்காது என்று. இன்று அங்கே நடப்பது என்ன தெரியுமா? உணவகம்! 1947 முதல் ஒரே சாப்பாட்டுப் பட்டியல், மாற்றமே கிடையாது. முடிவில் மணியடித்துத் தீ மூட்டிச் சாபம் கழிக்கிறார்கள்.

அடுத்து லென்னோ. முனையில் நிற்கும் பால்பியானெல்லோ மாளிகை 'ஸ்டார் வார்ஸ்' படத்திலும் ஜேம்ஸ் பாண்டின் 'கசினோ ராயல்' படத்திலும் வந்தது; 2018 நவம்பரில் தீபிகா படுகோனே, ரன்வீர் சிங் திருமணம் நடந்ததும் இங்கேதான். எனக்குப் பிடித்த சேதி வேறு. அதன் கடைசிச் சொந்தக்காரர் குய்தோ மோன்ஸினோ, 1973இல் இத்தாலியின் முதல் எவரெஸ்ட் பயணக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர். மலையேறியின் பொருள்கள் உள்ளே அப்படியே இருக்கின்றன. கல்யாணப் படம் எடுக்க வருகிற பாதிப் பேர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை!

பெல்லாஜியோவுக்கு மேலே மலைமீது கிசாலோ மாதா கோயில். 1949இல் போப் இந்த மாதாவைச் சைக்கிள் வீரர்களின் காவல் தெய்வமாக அறிவித்தார். சுவரெல்லாம் சைக்கிள்கள்! அவற்றில் ஒன்று நசுங்கியது. 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ கசார்தெல்லியின் சைக்கிள் அது. பக்கத்து ஊர்ப் பிள்ளை.

இரவு வரேன்னாவில் தங்குங்கள். ஞாயிறு காலை தெற்கே நடந்தால் ஃபியூமெலாத்தே. பெயருக்கு அர்த்தம் 'பால் ஆறு'. பாறையிலிருந்து நுரைத்துக் கொட்டி ஏரியில் விழும் இதன் மொத்த நீளம் சுமார் 250 மீட்டர்தான்! மார்ச் மாதவாக்கில் பீறிட்டு, அக்டோபரில் நின்றுவிடும். லியோனார்டோ டா வின்சி குறிப்பெழுதி வைத்திருக்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கருவாடு. ஆமாம், கருவாடேதான்! மிசோல்தினி என்பார்கள். ஏரியில் பிடித்த, பார்க்க மத்தி போன்ற மீனை உப்பிட்டு, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலை வகை இலையோடு அடுக்கி அழுத்தி வைப்பது. சுட்டு, வினிகர் தெளித்து, கூடவே பொலெந்தா கொடுப்பார்கள். பொலெந்தா வேறொன்றுமில்லை, மக்காச்சோளக் களி. சைவர்கள் களியோடு வெண்ணெயும் சீஸும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வரேன்னாவிலிருந்து மிலானுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். கடைசிப் படகு சீக்கிரமே நின்றுவிடும், குளிர்காலத்தில் படகுகளே குறைவு. ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் போங்கள். படகு நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் அறை பதிவு செய்யுங்கள்.