குழியை மூடுமுன் படத்தில் குறியுங்கள்

சொட்டு நீர்ப்பாசனம் அமைக்குமுன் வயலை அளந்து ஒரு வரைபடம் தயாரிக்கப்படுகிறது. பிரதானக் குழாய், துணைக் குழாய், வால்வு ஆகியவை அமையும் இடங்கள் அதில் காட்டப்பட்டிருக்கும். குழி வெட்டும்போது பாறையோ பனை வேரோ குறுக்கிட்டால் குழாயின் பாதையை மாற்றிவிடுவார்கள். படத்தை மாற்றுவார் இல்லை.

இதனால் வரும் நஷ்டத்தை ஒரு மஞ்சள் வயலில் நேரில் கண்டேன். கடினப் படுகையைத் தகர்க்க உளிக் கலப்பையால் 45 செ.மீ. ஆழத்திற்கு உழுதார்கள். படத்தில் குழாய் காட்டியிருந்த இடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் உழுதார்கள். ஆயினும் துணைக் குழாய் மூன்று இடங்களில் உடைந்தது. படத்திற்கும் குழாய்க்கும் 4 மீட்டர் வித்தியாசம்!

இப்போது வரைபடம் பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்பாகவே கிடைக்கிறது. அதை டேப்லெட் எனப்படும் கைக்கணினியில் திறந்து, குழி மூடப்படுமுன் வயலில் நின்றபடியே மாற்றங்களைச் சிவப்பு நிறத்தில் குறித்துவிடலாம். மூலப் படத்தில் எழுதாமல் நகலில் எழுதி, கோப்பின் பெயரோடு தேதியையும் சேர்க்கவும்.

கோடு வரைந்தால் மட்டும் போதாது. 1:500 அளவுப் படத்தில் கோடு அரை செ.மீ. நகர்ந்தால் நிலத்தில் அது 2.5 மீட்டர். கருவி காட்டும் ஜி.பி.எஸ். புள்ளியிலும் சில மீட்டர் பிழை இருக்கும். ஆகவே கிணற்றுச் சுவரின் மூலை, எல்லைக் கல் போன்ற இடம் பெயராத இரு அடையாளங்களிலிருந்து நாடாவால் அளந்து, 'கிணறு 18.40 மீ., கல் 23.10 மீ., ஆழம் 50 செ.மீ.' என்று எண்ணாகவே எழுதுங்கள். பின்னாளில் இரு நாடாக்களை அதே நீளத்திற்கு இழுத்தால் அவை சந்திக்கும் இடத்தில் குழாய் இருக்கும். இரு அடையாளங்களையும் இணைக்கும் கோட்டிற்கு அது எந்தப் பக்கம் என்பதையும் குறிக்க வேண்டும். அடையாளங்கள் அருகருகே இருத்தல் கூடாது. ஒவ்வொரு வளைவுக்கும், கிளை பிரியும் இடத்திற்கும், வால்வுக்கும் இவ்வாறு அளப்பது அவசியம். நாடாவோடு குழியைப் புகைப்படம் எடுத்துச் சேர்த்தால் இன்னும் நலம்.

உச்சி வெயிலில் திரை தெரியாது. கருவி சூடேறி நின்றுவிடுவதும் உண்டு. காலை வேளையிலோ குடை நிழலிலோ வேலையை முடிக்கவும். ஈரக் கைக்குத் திரை சரியாகக் கட்டுப்படாது. துடைக்க ஒரு துண்டு கைவசம் இருக்கட்டும்.

கைக்கணினி இல்லாதவர்கள், குழாய் பதிக்க வரும் பொறியாளரிடம் குறித்துத் தரும்படி கேளுங்கள். கையில் படம் வரும்வரை குழியை மூட விடாதீர்கள். அச்சிட்ட பிரதி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மோட்டார் அறையில் மாட்டி வைக்கவும். உழவுக்கு வரும் டிராக்டர் ஓட்டுநரிடம் காட்ட அதுதான் வசதி.