பேரனிடம் கற்ற ஆட்டம் – 7: நடந்தால்தான் முட்டை பொரியும்

யூடியூபில் வீடியோ ஆட்டங்கள் ஆடிக் காட்டிய ஜப்பானின் ஹமாகோ மோரி பாட்டியைச் சென்ற வாரமே வழியனுப்பிவிட்டோம். 1930-இல் பிறந்தவர், தொண்ணூறு வயதில் கின்னஸில் ஏறியவர். தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு இது போதும். இந்த வாரம் ஜப்பானின் 'மூளைப் பயிற்சி' ஆட்டத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் 7 என்ற எண் வந்து குறுக்கே நின்றுவிட்டது.

ஏழு கிலோமீட்டர் முட்டை. போகிமான் கோ ஆடுகிற வீடுகளில் இது புழங்குகிற பேச்சு. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

2016 ஜூலையில் வந்த ஆட்டம் அது. செய்தது அமெரிக்காவின் நியான்டிக் நிறுவனம். உட்கார்ந்த இடத்தில் ஆட முடியாது என்பதே அதன் ஆதார விதி. கைப்பேசித் திரையில் தெரிவது நம் ஊரின் வரைபடம்; நாம் தெருவில் நடந்தால் திரையில் நம் உருவமும் நடக்கும். ஊரிலுள்ள சிலை, பூங்கா, பழைய கட்டடம், வழிபாட்டிடம் போன்றவை ஆட்டத்தின் நிறுத்தங்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் போகிமான் என்னும் கற்பனைப் பிராணிகளைப் பிடிக்கத் தேவையான பந்துகள் கிடைக்கும், சில சமயம் முட்டையும் கிடைக்கும். அந்த முட்டை அடைகாத்துப் பொரிவதில்லை, நடந்தால்தான் பொரியும். 2 கிலோமீட்டர், 5, 7, 10, 12 என்று ரகம் ரகமாக உண்டு. ஆட்டோவில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று நினைத்தால் நடக்காது. மணிக்குப் பத்து கிலோமீட்டரைச் சற்றே தாண்டினாலும் தூரம் கணக்கில் ஏறுவதில்லை.

மற்ற முட்டைகளை விட்டுவிடுவோம். ஏழு கிலோமீட்டர் முட்டைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 2018-இல் இந்த ஆட்டத்தில் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தது. நண்பர் தம் ஊர் நிறுத்தத்தில் கிடைத்த பரிசு ஒன்றை நமக்கு அனுப்பலாம். அந்த நிறுத்தத்தின் படம் போட்ட தபால் அட்டை போல அது வந்து சேரும். பிரித்தால் உள்ளே சில சமயம் ஒரு முட்டை இருக்கும். அதுதான் ஏழு கிலோமீட்டர் முட்டை. சிங்கப்பூரில் இருக்கும் பேரன், தன் வீட்டருகே உள்ள ஏதோ ஒரு சிலையின் படத்தோடு முட்டையைத் திருவண்ணாமலைக்கு அனுப்புகிறான் என்று வையுங்கள். அனுப்புவதோடு அவன் வேலை முடிந்தது. அதைப் பொரிக்க வைப்பது தாத்தாவின் கால்தான். இங்கே யாராவது ஏழு கிலோமீட்டர் நடந்தாக வேண்டும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஏழு என்றதும் பொறி தட்டியிருக்கும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கே ராஜகோபுரத்தில் தொடங்கினால், மலையின் மேற்குப் புறத்தில், பாதிச் சுற்றில், பேரன் அனுப்பிய முட்டை பொரிந்திருக்கும். அடுத்த பாதிக்கு இன்னொரு ஏழு. அவ்வளவோடு நிற்கவில்லை. 12-உம் 2-உம் பதினான்கு. 10-உம் இரண்டு 2-உம் பதினான்கு. 7-உம் 5-உம் 2-உம் பதினான்கு. இப்படிப் பல விதமாக அடுக்கி ஒரு சுற்றில் மீதமில்லாமல் முடிக்கலாம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. அந்த ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் அண்ணாமலையை மனத்தில் வைத்து முட்டைக்குத் தூரம் குறித்திருக்க மாட்டார்கள். ஆனால் மனிதனை நெடுந்தூரம் நடக்க வைக்க என்ன வேண்டும் என்று அவர்கள் யோசித்ததும், நம்மவர்கள் எப்போதோ யோசித்ததும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. இந்திரலிங்கம், அக்னிலிங்கம், யமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம், வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசானியலிங்கம். எட்டுத் திசைக்கும் ஒவ்வொன்று. ஒரேயடியாகப் பதினான்கு கிலோமீட்டர் என்றால் முழங்கால் மறுத்துவிடும். அடுத்த லிங்கம் வரைக்கும் என்றால் ஒத்துக்கொள்ளும்.

இனி இந்த வாரத்தின் முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

போகிமான் கோ வந்த புதிதில், அதனால் ஜனங்கள் கூடுதலாக நடக்கிறார்களா என்று அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 18 முதல் 35 வயதுக்காரர்கள். அவர்களுடைய கைப்பேசியில் பதிவான காலடிக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ஆட்டத்தை இறக்கிய முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடியிருந்தன. பிறகு வாரத்துக்கு வாரம் இறங்குமுகம். ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது. 2016 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் இது வெளிவந்தது. இந்த ஆட்டம் ஆறு வாரச் சூடுதான் என்ற முடிவுக்கு அப்போது பலரும் வந்துவிட்டார்கள்.

ஜப்பானின் யோகோஹாமா நகரில் இன்னொரு ஆய்வு நடந்தது. அந்த நகராட்சி, குடிமக்களுக்குக் காலடி எண்ணும் சிறு கருவியைக் கொடுத்து நடக்கத் தூண்டும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதில் சேர்ந்திருந்த நடுவயதினரையும் முதியவர்களையும் கிமிஹிரோ ஹினோ என்பவரும் சக ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் வருவதற்கு முன்னும் பின்னுமாகப் பத்து மாதக் காலடிக் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. குளிர்காலம் வந்ததும், ஆடாதவர்களின் நடை குறைந்தது. யாராக இருந்தாலும் குளிரில் வெளியே போக மனம் வராது. ஆடியவர்களின் நடை அப்படிக் குறையவில்லை. ஜூலையில் தொடங்கிய ஆட்டத்தை அவர்கள் பனிக்காலத்திலும் கைவிடவில்லை. 2019-இல் இந்த ஆய்வு வெளியானது.

இரண்டும் வேறு வேறு நாடு, வேறு வேறு முறை. ஆடியவர்களின் எண்ணிக்கையும் யோகோஹாமாவில் அதிகமில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்தத் தொடரை ஆரம்பித்ததிலிருந்து நான் கண்டுவரும் ஒன்றை இது உறுதிப்படுத்துகிறது. வயதானவர்கள் ஓர் ஆட்டத்தைத் தொட்டால் அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை. புதிது என்பதற்காக இளைஞர்கள் வருகிறார்கள், பழசானதும் போய்விடுகிறார்கள். தாத்தாவும் பாட்டியும் அதை அன்றாடத்தில் ஒரு வேளையாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். காலை காபி, நாளிதழ், நடை, அதற்கிடையில் இது. ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தின் மேல் உட்காரும் ஆட்டம்தான் அவர்களிடம் நிலைக்கிறது. வெறும் திரைக்காக அவர்கள் நடையை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். நடை இருக்கும் இடத்துக்குத் திரை வந்தால் வேண்டாமென்று சொல்வதுமில்லை.

தைவானின் சென் சான்-யுவான் இதற்கு நல்ல சாட்சி. 2016-இல் பேரன்தான் அவருக்கு இந்த ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தான். இரண்டே ஆண்டில், எழுபது வயதில், தம் சைக்கிளின் முன்பக்கத்தில் பதினொரு கைப்பேசிகளை விசிறி போலப் பொருத்திக்கொண்டு ஊர் சுற்றினார். உலகப் பத்திரிகைகளில் படம் வந்தது. அதன்பின் கைப்பேசிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலே போயிற்று. ஏன் ஆடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, புதிய மனிதர்களைச் சந்திக்க முடிகிறது என்பது. பதினொரு கைப்பேசியைப் பார்த்துச் சிரித்த பத்திரிகைகள் இந்தப் பதிலைப் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு அந்தப் பதில்தான் பெரிது.

பே கோபுரத் தெருவில் எனக்குப் பழக்கமான ஓர் அம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஆரணியில் இருக்கும் அக்காவோடு மத்தியான வேளைகளில் கைப்பேசியில் லூடோ ஆடுவார். தாயக்கட்டையை உருட்டி வளர்ந்தவர்களுக்கு லூடோவில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. அவரிடம் இந்த நடை ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நடக்கிறதுக்கு எதுக்குப்பா ஆட்டம்? மலை இருக்கே" என்றார்.

முட்டைக் கதையைச் சொன்னேன். பேரன் அனுப்புவான், நீங்கள் நடந்தால் பொரியும் என்றேன்.

"எங்க வீட்ல முட்டை சேர்க்கறதில்லையே." பிறகு கொஞ்சம் யோசித்தார். "நான் நடந்தேனா இல்லையான்னு அவனுக்குத் தெரியுமா?"

முட்டை பொரிந்தது அவனுக்குத் தெரியாது, ஆனால் நீங்களும் பதிலுக்கு இங்கிருந்து ஒரு பரிசு அனுப்பலாம் என்றேன். "அப்ப சரி. அவன் வரும்போது போட்டுக் குடுக்கச் சொல்றேன்" என்றார். ஆட்டத்தின் அழகோ விதியோ அவருக்குப் பொருட்டில்லை. மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் கேட்டார். ஆரணி அக்கா மறுமுனையில் இல்லையென்றால் அந்த லூடோவும் அவரிடம் இருந்திருக்காது.

முட்டை என்றதும் அவர் சொன்ன ஆட்சேபம் புதிதல்ல. அது நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2016 செப்டம்பரில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு. இந்த ஆட்டத்தில் கோயில்களில் முட்டை தோன்றுகிறது, இந்துக்கள், சமணர்களின் மனம் புண்படுகிறது என்று மனுதாரர் முறையிட்டார். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நியான்டிக்குக்கும் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. இதில் கவனிக்க வேண்டியது, அப்போது அந்த ஆட்டம் இந்தியாவில் முறைப்படி வெளியாகவே இல்லை. ஜியோவோடு சேர்ந்து டிசம்பரில்தான் வந்தது. மனுதாரரின் வருத்தத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சன்னிதியில் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பது எனக்கும் உவப்பானதில்லை. ஆனால் 2018 இறுதியில் இதற்கு ஒரு வழியும் பிறந்தது. ஆட்டத்தைத் திறந்து வைக்காமலே, கைப்பேசி தானாகப் பதிவு செய்யும் காலடிக் கணக்கை எடுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. கைப்பேசி பையில் தூங்கட்டும். செருப்பில்லாமல், பேச்சில்லாமல், மலையைப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபின் திறந்தால் முட்டை பொரிந்திருக்கும். கிரிவலப் பாதையில் வண்டிகளும் ஓடுகின்றன. வயதானவர்கள் தலை குனிந்து திரையைப் பார்த்தபடி நடப்பது ஆபத்து. ஆடுவதென்றால் இந்த ஒரே முறையில்தான் ஆட வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு கிளைக்கதை. போகிமானைப் படைத்த சதோஷி தாஜிரி 1965-இல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் வயல்வெளியிலும் குளக்கரையிலும் பூச்சி பிடித்துச் சேர்ப்பதே வேலை. கூடப் படித்தவர்கள் அவரைப் பூச்சி டாக்டர் என்றே அழைத்தார்கள். பிறகு ஊர் விரிந்தது. குளமும் வயலும் கட்டடங்களுக்கு அடியில் போயின. பூச்சி பிடிக்க இடமில்லாத நகரத்துப் பிள்ளைகளுக்கும் அந்தச் சந்தோஷம் கிடைக்க வேண்டும் என்று அவர் உருவாக்கியதுதான் 1996-இல் வந்த முதல் போகிமான். தன் கண் முன்னால் ஏரியும் குளமும் மனைகளாக மாறியதைப் பார்த்த திருவண்ணாமலைப் பெரியவர் ஒருவருக்கு இந்த ஆட்டத்தின் கரு புரியாமல் போகாது. அந்தப் பொம்மைப் பூச்சிகள் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். அவற்றை உண்டாக்கியவரின் துக்கம் அறுபது வயதுக்காரரின் துக்கம்.

வீடுகளில் பிள்ளைகள் பயப்படும் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 'ஆன்லைன் கேம்' என்றாலே காதில் விழுவது ரம்மி. பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகளைப் படித்த ஊர் இது. 2022-இல் சட்டமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார். 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு, ஆதார் சரிபார்ப்பு என்று விதிகள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவந்தது. நான் எழுதுகிற ஆட்டங்கள் அந்த வகையல்ல. இவற்றில் பந்தயமும் இல்லை, பணம் திரும்பி வருவதும் இல்லை. ஆனால் முட்டையைச் சீக்கிரம் பொரிக்கும் கருவி, கூடுதல் பந்து என்று விற்பனை இவற்றுக்குள்ளும் உண்டு. அப்பாவின் கைப்பேசியில் ஆட்டத்தைப் போட்டுக் கொடுக்கும் மகனோ மகளோ, வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டுப் போவது நல்லது. அதற்காக ஆட்டமே வேண்டாம் என்று பிடுங்கி வைப்பது அநியாயம்.

மூளைப் பயிற்சிக்கு இந்த வாரமும் இடமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் கட்டாயம் வரும். தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூதா கவாஷிமாவைப் பார்க்க நிண்டெண்டோ தலைவர் சதோரு இவாதா நேரம் கேட்டபோது, இருவருக்கும் ஒத்துவந்தது ஒரே ஒரு நாள்தான்: 2004 டிசம்பர் 2. நிண்டெண்டோ டிஎஸ் ஜப்பானில் கடைக்கு வந்த நாள் அது. தம் நிறுவனத்தின் மிகப் பெரிய வெளியீட்டு நாளில், வயதானவர்கள் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்று ஒரு மூளை ஆய்வாளரைத் தேடி அவர் ஏன் போனார், போய் என்ன பேசினார், அதிலிருந்து என்ன பிறந்தது, அது மூளைக்கு உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா என்பதெல்லாம் அங்கே.

(தொடரும்)