வெயிலில் நீண்ட பாலம்

1905 மார்ச் மாதக் கடைசி. ஜாம்பேசி ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் அந்தரத்தில் நீண்டு வந்த எஃகு வளைவின் இரண்டு பாதிகள் நடுவில் சேர வேண்டிய கட்டம். கடைசித் துண்டைப் பொருத்தப் போனால் இடம் போதவில்லை. ஒன்றேகால் அங்குலம் இடித்தது. கீழே 120 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஆறு. யாரும் எஃகை வெட்டவில்லை. வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலை, வெயில் ஏறுவதற்கு முன், அதே துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது.

விக்டோரியா அருவிக்குச் சற்றுக் கீழே, இன்றைய ஜாம்பியாவையும் ஜிம்பாப்வேயையும் இணைக்கும் ரயில் பாலம் அது. 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் 100 மீட்டர் எஃகு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளும். இந்த வளைவு ஒரு காலிலிருந்து மறு கால்வரை சுமார் 156 மீட்டர். பகல் வெயிலில் காய்ந்த எஃகுக்கும் விடியற்காலை எஃகுக்கும் 17 டிகிரி வித்தியாசம் இருந்தாலே அந்த ஒன்றேகால் அங்குலம் வந்துவிடும். பாகங்கள் தயாரானது ஆப்பிரிக்காவில் அல்ல, இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில். கப்பலில் பெய்ரா துறைமுகம் வந்து, அங்கிருந்து ரயிலேறி வந்தவை. அவ்வளவு தூரம் கடந்தும் கணக்கு பிசகவில்லை என்பதுதான் என்னை மலைக்க வைக்கிறது.

ஆழமான பள்ளத்தில் தூண் எழுப்புவது பெரும்பாடு. ஆனால் இரு பக்கமும் உறுதியான பாசால்ட் பாறை. அதனால் பொறியாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூ ஹாப்சன் வளைவைத் தேர்ந்தெடுத்தார்: வளைவு தன் பாரத்தைப் பாறை மீது சாய்த்து அழுத்தும், பாறை எதிர்த்துத் தாங்கும். நடுவில் சேரும்வரை அது வளைவே அல்ல. கரையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு கைகள்தான். கவிழாமலிருக்க அவற்றைக் கம்பி வடங்களால் பின்னாலிருந்த பாறையோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரு பாதியும் சேர்ந்த பிறகு வடங்களுக்கு வேலையில்லை. அதுவரை வடங்கள் பிடித்திருந்த பாரத்தை இரு பக்கப் பாறையும் ஏற்றுக்கொண்டது.

சேர்த்துவிட்டால் எஃகு நீளுவது நின்றுவிடுமா? நிற்காது. அதற்காகத்தான் வளைவின் இரண்டு கால்களிலும் கீல் வைத்தார்கள். வெயிலில் எஃகு நீளும்போது பாறையை முட்டிப் பிளக்காமல், கீலில் லேசாகத் திரும்பி நடு உச்சி சற்றே மேலேறும்; இரவில் இறங்கும். அந்தப் பாலம் தினமும் இப்படி அசைகிறது.

1905 செப்டம்பர் 12 அன்று அதைத் திறந்துவைத்தவர் சார்லஸ் டார்வினின் மகன், ஜார்ஜ் டார்வின். அருவியின் சாரல் ரயில் மீது தெறிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட, இந்த ரயில் பாதையைக் கனவு கண்ட செசில் ரோட்ஸ் 1902-லேயே இறந்துபோயிருந்தார். அப்போது இரு கரையும் ஒரே பிரிட்டிஷ் கம்பெனியின் பிடியில்தான் இருந்தன. 1964-இல் ஜாம்பியா விடுதலை பெற்ற பிறகு பாலத்தின் நடுவே நிஜமான நாட்டெல்லை வந்தது. 1973-இல் அந்த எல்லை மூடப்பட்டது. 1975 ஆகஸ்டில் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) பிரதமர் இயான் ஸ்மித்தும் கறுப்பின விடுதலைத் தலைவர்களும் பேச, எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு ரயில் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேசையின் ஒரு பக்கம் ரொடீசியா, மறுபக்கம் ஜாம்பியா. பேச்சு முறிந்தது, பாலத்தில் ரயில் மீண்டும் ஓட 1978 வரை ஆயிற்று.