கத்திக்கு முன்பே கரையும் கட்டி

மலத்தோடு ரத்தம் போனால் களமருதூர்ப் பக்கம் முதலில் நினைப்பது மூலத்தைத்தான். களிம்பும் கைமருந்துமாக மாதங்கள் ஓடிவிடும். அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபிறகு உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, புதுச்சேரி ஜிப்மர் என்று அலைச்சல். கட்டி ஆசனவாயை ஒட்டியிருந்தால், ‘வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டியிருக்கும்’ என்ற சொல் நோயைவிட அதிகம் கலங்கடிக்கிறது.

கட்டி வளர்ந்த நிலையில் இருந்தால் நேராகக் கத்தி வைப்பதில்லை. முதலில் ‘கரண்ட் வைப்பார்கள்’, அதாவது கதிர்வீச்சு. வாரத்துக்கு 5 நாள் வீதம் ஐந்தரை வாரம். கூடவே கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரை. பிறகு அறுவை சிகிச்சையில் எடுத்த சதையைச் சோதித்தால், நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் புற்றணுவே இருக்காது.

இந்த எண்ணிக்கையை உயர்த்தவே நோயெதிர்ப்பு மருந்து. நம் தற்காப்பு அணுக்களில் பி.டி.-1 என்ற தடுப்பு உண்டு; புற்றுநோய் அதை அழுத்திப் பிடித்துத் தப்பிக்கிறது. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. கதிர்வீச்சில் சிதையும் கட்டி தன் புரதங்களை வெளியே கொட்ட, எதிரியை அடையாளம் காண்பது எளிதாகிறது. கட்டி உடலில் இருக்கும்போதே, அறுவைக்கு முன்பே மருந்தைக் கொடுப்பது இதனால்தான்.

சீனாவின் ‘யூனியன்’ ஆய்வில் ஒரு பிரிவினருக்கு 5 நாள் மட்டும் கதிர்வீச்சு. அதன்பின் கீமோவுடன் கேம்ரலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து. 39.8 சதவீதம் பேருக்குப் புற்றணு முற்றிலும் மறைந்தது. நீண்ட கதிர்வீச்சும் கீமோவும் மட்டும் பெற்றவர்களில் 15.3. ஐந்தரை வாரம் ஊர்விட்டு ஊர்போய் வாடகை அறையில் தங்கும் கூலித் தொழிலாளிக்கு அந்த ‘5 நாள்’ தனியாகவே ஒரு வரம்.

ஆனால் எல்லா ஆய்வும் இப்படி இல்லை. அமெரிக்காவில் நடந்த ஒன்றில், நீண்ட சிகிச்சையோடு அதே வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை: சேர்த்தவர்களில் 31.9 சதவீதம், சேர்க்காதவர்களில் 29.4. எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் கொடுப்பது என்பது இன்னும் தீராத கேள்வி. தைராய்டு, நுரையீரல், குடல் அழற்சி போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

மரபணுப் பிழையைத் திருத்தும் புரதம் இல்லாத கட்டிகள் தனி ரகம். நியூயார்க்கில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து மட்டுமே பெற்ற 12 பேருக்கும் கட்டி மறைந்தது. கரண்டும் கத்தியும் தேவைப்படவில்லை. மலக்குடல் நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இந்த ரகம். பயாப்ஸி சதையிலேயே இதைப் பார்த்துவிடலாம். சிகிச்சை தொடங்கும் முன் குடும்பத்தார் கட்டாயம் கேட்க வேண்டிய பரிசோதனை இது.

இந்த மருந்துகளின் விலைதான் மலை. செலவைக் குறைக்க, மும்பை டாடா மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தது. மலக்குடல் நோயாளிகளிடமும் இப்படிச் சோதிக்க நம் அரசு மருத்துவமனைகள் முன்வர வேண்டும்.