கோழித்தீன் மூடையும் அனுமதிப்பத்திரமும்

நயினாதீவுக்குப் போகும் எந்தப் பொருளும் குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஒருமுறை தோளில் ஏறி, வள்ளத்தில் கடல் கடந்து, மறுகரையில் மீண்டும் தோளில் ஏறியே வீடு சேர்கிறது. அரிசி மூடைக்கும் சீமெந்துக்கும் இதே கதைதான். கோழித்தீன் மூடையும் இதற்கு விலக்கல்ல. யாழ்ப்பாணக் கடை விலையோடு ஏற்றுகூலி, படகுக்கூலி, இறக்குகூலி மூன்றும் சேர்ந்த பின்னரே அதன் உண்மையான விலை தீவில் இருப்பவருக்குத் தெரியவரும். நன்னீர் அருமையாகவும் தோட்டச் செய்கை சுருங்கியும் உள்ள இடத்தில், வளவுக்குள் வளர்க்கும் பத்து இருபது கோழிகள்தான் பல பெண்களுக்குக் கைச்செலவுக்கான வழி. ஊர்க்கோழி கிண்டித் தின்று பிழைத்துக்கொள்ளும். கூட்டில் வளரும் முட்டைக்கோழிக்கோ மூடைத் தீன் இல்லாமல் முடியாது.

அந்த மூடையில் ஏறக்குறைய பாதி சோளம். அதை விளைவிப்பவர்கள் அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை போன்ற மாவட்டங்களின் மேட்டுநில விவசாயிகள். வன்னியிலும் சோளம் போடுகிறார்கள். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளியேறி, வன்னியில் காடு வெட்டிக் காணி திருத்தி அங்கேயே தங்கிவிட்ட எமது உறவுகள் பலர். ஆகவே ஒரே குடும்பத்தில் அக்கா நயினாதீவில் தீன் வாங்குபவராகவும், தம்பி வன்னியில் சோளம் விற்பவராகவும் இருக்கக்கூடும். சோள விலை இறங்கினால் அக்காவுக்கு ஆறுதல், தம்பிக்கு இடி. நாம் இங்கே பேசப்போகும் அனுமதிப்பத்திரம் இந்த இருவருக்கும் நடுவில்தான் நிற்கிறது.

1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதி (கட்டுப்பாட்டு) சட்டத்தின் கீழ், சில பொருட்களைக் கட்டுப்பாட்டாளரின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. சோளமும் அவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டு வந்த ஒன்று. உள்நாட்டு விளைச்சல் போதாது என்று கருதப்படும்போது தீன் உற்பத்தியாளருக்கு இன்ன அளவு கொண்டுவரலாம் என்று அனுமதி கிடைக்கும். வரி வேறு வழியால் வருகிறது. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்படி, நிதி அமைச்சர் வர்த்தமானியில் ஓர் அறிவித்தலை வெளியிட்டு ஒரு கிலோவுக்கான அறவீட்டை ஏற்றலாம், இறக்கலாம். வர்த்தமானி கொழும்பில் வெளிவரும்போது சோளம் எமது வயலில் முற்றிக்கொண்டிருக்கும். விதைத்தவருக்கு அது தெரியவருவது பெரும்பாலும் வியாபாரி விலையைக் குறைத்துச் சொல்லும்போதுதான்.

தீர்வையில்லாமல் மூலப்பொருள் கொண்டுவர விடுவது எப்போதும் தீது என்று நாம் சொல்லவில்லை. வலை பின்னும் தொழிற்சாலைக்கு நைலோன் நூல் தீர்வையின்றி வந்தால் இங்கே எவருடைய விளைச்சலும் விலை இழப்பதில்லை. கடற்றொழிலாளிக்கு வலை மலிவாகும். கொண்டுவரப்படும் பொருளை எமது விவசாயியும் விளைவிக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

யாழ்ப்பாணத்து விவசாயிக்கு இது புதிய பாடமல்ல. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. சீனிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற அதே காலத்தில், தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் கேட்கலாம். 1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தபோது வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் மீண்டும் சந்தைக்கு வந்தன. தோட்டத்து விலை தளர்ந்தது. தோட்டக்காரரின் உழைப்பு அந்த ஆண்டுகளில் கூடவுமில்லை, குறையவுமில்லை. கொழும்பில் எடுத்த முடிவுதான் மாறியது.

அண்மைக் காலச் சோளக் கதை இன்னும் சிக்கலானது. 2018இன் பிற்பகுதியில் படைப்புழு நாட்டுக்குள் பரவிச் சோளப் பயிரைத் தாக்கியது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலபோக விதைப்பு முடிந்துபோயிருந்தது, விளைச்சல் விழுந்தது. அடுத்து டொலர் இல்லாத 2022 வந்தது. அனுமதி இருந்தாலும் காசு கட்டிக் கப்பலை இறக்க வழியில்லை. தீன் விலை ஏற, பலர் கோழிகளை விற்றுத் தீர்த்தார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷாவும் அந்த ஆண்டில் தடைப்பட்டது. அதற்கும் சோளம்தான் அடிப்படை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையே இறக்குமதி செய்யவேண்டி வந்தது. கதவை முற்றாக மூடினால் விவசாயி பிழைப்பார் என்று எண்ணுபவர்கள் இந்த மூன்று ஆண்டுகளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

கதவைத் திறக்கும் நேரமும் முக்கியம். 2020 ஜூனில் இந்திய அரசு 50 வீதத் தீர்வைக்குப் பதிலாக 15 வீதத்தில் 5 இலட்சம் தொன் சோளம் கொண்டுவர இடமளித்தது. கோழி இறைச்சியால் கொரோனா பரவும் என்ற வதந்தியால் கோழிப்பண்ணைகள் நொடிந்து, சோளத்தை வாங்க ஆளில்லாமல் விலை விழுந்திருந்த நேரம் அது. விவசாயிகள் கொதித்தார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதே எமது எண்ணம்.

எமது நாட்டில் காலபோகச் சோளம் ஐப்பசி மழையோடு விதைக்கப்பட்டு, தை மாசியில் முறிக்கப்படுகிறது. களஞ்சியம் இல்லாதவர் உடனே விற்றாகவேண்டும். அந்த வாரங்களில் துறைமுகத்தில் கப்பல் நின்றால் வியாபாரி சொன்னதே விலை. அதே அளவு சோளம் ஆவணி, புரட்டாதியில் வந்தால் தீன் விலையும் தாங்கும், விவசாயிக்கும் அடி விழாது. அளவு ஒன்றுதான், மாதம் வேறு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆலைகள் எமது சோளத்தைத் தள்ளிவைக்க ஒரு காரணம் ஈரம். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கும் மணியை மூடையில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்லரொக்சின் என்னும் நஞ்சு உருவாகும். அது கோழிக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. படங்கு விரித்து இரண்டு வெயில் கூடுதலாகக் காயவிட்டு, மண்தரையில் நேரே அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல் மூடையை வைத்தால், ஆலைக்காரர் குறை சொல்ல இடம் குறையும். சில வாரம் பொறுத்து விற்கவும் முடியும்.

மாவட்டச் செயலகங்களில் கூடும் மாவட்ட விவசாயக் குழுவில் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். உரமும் நீர்ப்பாசனமும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில், இந்தப் போகத்துக்கு எவ்வளவு சோளம் இறக்குமதிக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது, எந்த மாதத்தில் வந்து சேரும் என்ற இரண்டு கேள்விகளையும் விதைப்புக்கு முன்னரே எழுத்தில் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யலாம். இடம்பெயர்ந்து வந்து இன்னும் எந்த அமைப்பிலும் பெயர் பதியாத குடும்பங்கள், தமது பிரிவின் கமநல சேவை நிலையத்தில் முதலில் அதைச் செய்துகொள்ளட்டும்.