குறுந்தூரப் பறப்பும் மைல் கணக்கும்

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் உடன்பிறந்தோர் அனைவரும் ஒரே நாட்டில் வாழ்வது அரிது. அண்ணன் சூரிச்சில், தங்கை பரிசில், சித்தப்பா லண்டனில், மாமி ஒஸ்லோவில் என்று ஒரு வீட்டார் நான்கு நாடுகளில் வாழ்கின்றனர். பூப்புனித நீராட்டு, திருமணம், மரணச் சடங்கு, அந்தியேட்டி என ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது விமானம் ஏறவேண்டியுள்ளது. இவற்றுட் பெரும்பாலானவை ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பறப்புகளே.

இத்தகைய சிறு பயணங்களுக்கும் மைல் கிடைக்கும் என்பதைப் பலர் அறிவர். எவ்வளவு கிடைக்கும், எந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்ப்பது நன்று என்பதைச் சிலரே அறிவர். அறியாதோர்க்கு இருவகை நட்டம் உண்டு. உரியதைக் கேட்டுப் பெறாமல் விடுவது ஒன்று. மைலுக்கு ஆசைப்பட்டுக் கூடுதல் பணம் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதே பெரிய நட்டம்.

கூட்டணிகள் தோன்றிய விதம்

1981 மே மாதத்தில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனம், பயணி பறந்த மைல்களை அவர் பெயரில் வரவு வைத்து, அவை போதிய அளவு சேர்ந்ததும் இலவசச் சீட்டு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைற்றெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. வாடிக்கையாளர் வேறிடம் போகாமற் பார்த்துக்கொள்வதே நோக்கம், தருமம் அன்று.

பின்னர் நிறுவனங்கள் கூட்டணி அமைத்தன. கூட்டணி என்றதும் எம்மவர்க்கு அரசியல் நினைவே வரும். இக்கூட்டணிகளிலும் கட்சி மாறுவோர் உண்டு. லுப்தான்சா, எயர் கனடா, எஸ்.ஏ.எஸ்., தாய், யுனைற்றெட் ஆகிய ஐந்தும் 1997 மே மாதத்தில் ஸ்ரார் அலையன்ஸை அமைத்தன. பிரிட்டிஷ் எயர்வேய்ஸ், அமெரிக்கன், கதே பசிபிக், குவான்ரஸ் முதலியவை இணைந்த வண்வேர்ள்ட் 1999இல் இயங்கத் தொடங்கியது. எயர் பிரான்ஸ், டெல்ரா முதலியவற்றின் ஸ்கைரீம் 2000இல் உருவாயிற்று. சிறீலங்கன் எயர்லைன்ஸ் 2014 மே 1இல் வண்வேர்ள்டில் சேர்ந்தது. ஸ்ரார் அலையன்ஸின் தாபக உறுப்பினரான எஸ்.ஏ.எஸ்., 2024 செப்ரெம்பர் 1 முதல் ஸ்கைரீமுக்கு மாறிவிட்டது. ஒஸ்லோ, ஸ்ரொக்ஹோம், கொப்பன்ஹேகன் நகரங்களிலிருந்து பறப்போர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

கூட்டணியால் விளையும் பயன் இதுதான்: ஒரு நிறுவனத்தின் விமானத்திற் பறந்து, அதன் பங்காளி நிறுவனமொன்றின் திட்டத்தில் மைலைச் சேர்க்கலாம். ஆனால் ஒரு பறப்பை ஒரு கணக்கில் மட்டுமே சேர்க்க முடியும். எனவே எந்தக் கணக்கு என்ற கேள்வி எழுகிறது.

இருவகைக் கணக்கு

முதலாவது தூரக் கணக்கு. இரு விமான நிலையங்களுக்கும் இடையேயுள்ள நேர்த்தூரத்தை மைலில் எடுத்து, சீட்டின் வகுப்புக்குரிய விகிதத்தாற் பெருக்குவர். சூரிச்சிலிருந்து பிராங்பேர்ட் ஏறத்தாழ 177 மைல். லண்டன் ஹீத்ரோவிலிருந்து பரிஸ் சார்ள்ஸ் டி கோல் ஏறத்தாழ 216 மைல். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் ஏறத்தாழ 315 மைல். எம்மவர் வாங்கும் மலிவுச் சீட்டுக்கு விகிதம் கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். லண்டன்–பரிஸ் பயணத்துக்குக் கிடைப்பது 54 மைல் மட்டுமே. முன்னர் பல அமெரிக்கத் திட்டங்கள் எவ்வளவு குறுகிய பறப்புக்கும் 500 மைல் என்ற குறைந்தபட்ச வரவை வழங்கின. அச்சலுகை பல இடங்களில் நீங்கிவிட்டது. சில இடங்களில் உயர்நிலை பெற்ற பயணிகளுக்கு மட்டும் எனச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது விலைக் கணக்கு. டெல்ராவும் யுனைற்றெட்டும் 2015இலும், அமெரிக்கன் 2016இலும், லுப்தான்சா, எயர் பிரான்ஸ்–கே.எல்.எம். ஆகியவற்றின் திட்டங்கள் 2018இலும், பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் 2023இலும் இம்முறைக்கு மாறின. தமது சொந்தச் சீட்டுகளுக்கு இவை பறந்த தூரத்தைப் பார்ப்பதில்லை. கொடுத்த பணத்தையே பார்க்கின்றன. பங்காளி நிறுவனங்களின் பறப்புகளுக்குப் பெரும்பாலும் பழைய தூரக் கணக்கே நீடிக்கிறது. எயர் பிரான்ஸ்–கே.எல்.எம். நிறுவனங்களின் பிளையிங் புளூ திட்டத்தில் தொடக்கநிலை உறுப்பினர்க்கு, வரி நீங்கலான கட்டணத்தில் ஒரு யூரோவுக்கு 4 மைல்.

இப்போது ஒப்பிடுவோம். லண்டன்–பரிஸ் சீட்டின் வரி நீங்கலான விலை 90 யூரோ எனின், விலைக் கணக்கில் 360 மைல் கிடைக்கும். அதே இருக்கையில் இருந்து பறந்து, பங்காளியின் தூரக் கணக்கிற் சேர்த்தால் 54 மைல். நெடும்பயணத்தில் நிலைமை தலைகீழாகும். பிராங்பேர்ட்–ரொறன்ரோ ஏறத்தாழ 3,940 மைல். மலிவாகக் கிடைத்த ஒருவழிச் சீட்டின் விலை வரி நீங்க 250 யூரோ எனின், யூரோவுக்கு 4 என்ற அளவில் 1,000 மைல். தூரக் கணக்கில் அரைப் பங்கு கிடைத்தாலும் 1,970 மைல்.

ஆகவே விதி எளிது. குறுந்தூரமும் கூடிய விலையும் எனின் விலைக் கணக்கு. நெடுந்தூரமும் குறைந்த விலையும் எனின் தூரக் கணக்கு. ஆயினும் இங்கே 54, அங்கே 360 என்று ஐந்து இடங்களிற் சிதறவிட்டால் எதுவும் சீட்டாகாமலே காலாவதியாகிவிடும். குடும்பத்தின் நெடும்பயணம் எந்தக் கூட்டணியில் நிகழ்கிறதோ, அக்கூட்டணியில் ஒரு கணக்கு போதும்.

குறும்பயணத்தின் மெய்யான பயன்

54 மைலின் பெறுமதி என்ன? ஒரு மைலை ஒரு சதம் என்று மதிப்பிடுவது பொது வழக்கம். அப்படியாயின் அரை யூரோ. விமான நிலையத்தில் ஒரு தேநீர்கூட வாங்க முடியாது. இதற்காக 30 யூரோ கூடிய சீட்டை வாங்குவது எவ்விதத்திலும் தகாது.

ஆனால் குறும்பயணத்துக்கு வேறொரு பயன் உண்டு. எயர் கனடாவின் ஏரோபிளான் கணக்கில் 18 மாதம் எவ்வித வரவோ செலவோ இல்லையெனின் புள்ளிகள் அழிந்துவிடும். பிரிட்டிஷ் எயர்வேய்ஸின் எவியோஸ் புள்ளிகளுக்கு அக்கெடு 36 மாதம். ரொறன்ரோவிலுள்ள அக்கா ஒருவர் லண்டனுக்கு வந்து, அங்கிருந்து சூரிச்சுக்குச் சுவிஸ் நிறுவன விமானத்திற் போகிறார் என்க. அச்சீட்டு மைல் தரும் வகையாயின், ஏரோபிளான் இலக்கத்தைக் கொடுத்தால் கிடைப்பது சொற்பமே. ஆனால் கணக்கு முழுவதும் மேலும் 18 மாதம் உயிர்வாழும். லுப்தான்சா சார்ந்த மைல்ஸ் அன்ட் மோர் திட்டத்தில் இவ்வழி செல்லாது. சாதாரண உறுப்பினரின் மைல் ஒவ்வொன்றுக்கும் 36 மாத ஆயுள். புதிய பறப்பு பழைய மைலைக் காப்பாற்றாது.

சேர்த்ததை எதற்குச் செலவிடுவது? உல்லாசப் பயணத்துக்கு முன்னரே திட்டமிட்டு மலிவுச் சீட்டு எடுக்கலாம். மரணத்துக்குத் திட்டமிட முடியாது. இரண்டு நாளில் இறுதிக் கிரியை என்று தொலைபேசி வரும்போது சீட்டின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்காகியிருக்கும். பிரிட்டிஷ் எயர்வேய்ஸின் ஐரோப்பியப் பறப்புகளில், எவியோஸ் விலை தூரத்தையும் பருவத்தையும் பொறுத்ததேயன்றி அன்றைய காசு விலையைப் பொறுத்ததன்று. அதற்கென ஒதுக்கிய இருக்கை மிஞ்சியிருந்தால், பறப்பதற்கு முதல்நாளும் அதே புள்ளிகளுக்குக் கிடைக்கும். வரியும் கட்டணமும் மட்டும் காசாகக் கொடுக்கவேண்டும். சிறுகச் சேர்த்த மைலுக்கு இதனிலும் நல்ல பயன் இல்லை.

எம்மவர் கவனத்துக்கு

பெயர்: எமது மக்களுக்கு ஏற்படும் முதற் சிக்கல் இதுவே. தகப்பனார் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அறியாத அதிகாரிகள் அகதிப் பயண ஆவணத்தில் ஒருவிதமாகவும், குடியுரிமை கிடைத்தபின் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் எழுதியிருப்பர். மைல் கணக்கிலுள்ள பெயரும் சீட்டிலுள்ள பெயரும் பொருந்தாவிடின் வரவு வராது. புதிய கடவுச்சீட்டு எடுத்ததும் கணக்கிலும் பெயரைத் திருத்துக.

சீட்டு வகுப்பு: சீட்டில் ஓர் ஆங்கில எழுத்து வகுப்பைக் குறிக்கும். ஒரே விமானத்தில், ஒரே வரிசையில் இருப்போர்க்கும் எழுத்து வேறானால் மைல் வேறாகும். குழுக் கட்டணத்துக்கும் சில மலிவுச் சீட்டுகளுக்கும் ஒன்றுமே கிடையாது. பணம் கொடுக்குமுன் முகவரிடம் அந்த எழுத்தைக் கேட்டு, திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிடுக.

இரட்டை இலக்கம்: ஒரே விமானத்துக்கு இரு நிறுவனங்களின் பறப்பு இலக்கங்கள் இருக்கலாம். சில திட்டங்கள் சீட்டிலுள்ள இலக்கத்தைப் பார்க்கும். சில, விமானத்தை ஓட்டும் நிறுவனத்தைப் பார்க்கும். இதையும் முன்னரே விசாரிக்க.

கூட்டணியில் இல்லாதவை: ரயன்எயர், ஈசிஜெட் போன்ற மலிவு நிறுவனங்கள் இம்மூன்று கூட்டணிகளிலும் இல்லை. ஊருக்குப் போவோர்க்கும் ஒரு குறிப்பு. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 220 மைல். அதே ஆண்டில் அவ்வழியிற் சேவை தொடங்கிய அலையன்ஸ் எயர் பெயரளவிலேதான் அலையன்ஸ். 2024 செப்ரெம்பரில் சேவை தொடங்கிய இன்டிகோவும் இக்கூட்டணிகளைச் சேர்ந்ததன்று.

பிள்ளைகள்: தனியிருக்கையில் அமரும் பிள்ளைக்கும் கணக்குத் திறக்கலாம். ஏரோபிளானில் 8 பேர் வரையும், மைல்ஸ் அன்ட் மோரில் பெரியோர் இருவரும் பிள்ளைகள் ஐவர் வரையும் மைலை ஒன்றுசேர்க்க வழியுண்டு. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் பத்துப் பறப்புகள் ஒரே கணக்கிற் சேரும்.

சான்று: மைல் வரவாகும்வரை போர்டிங் காட்டையும் சீட்டின் பிரதியையும் எறிந்துவிடாதீர்கள். பங்காளி நிறுவனப் பறப்புகள் பதிவாகாமற் போவது புதுமையன்று. கேட்டால் தருவர், ஆனால் அதற்கும் சில மாதத் தவணையே உண்டு.

சீட்டு எடுக்கும்போது விலை, பயணப்பொதியின் அளவு, போய்ச்சேரும் நேரம் ஆகிய மூன்றையும் முதலிற் பாருங்கள். மைல் நான்காவதாக இருக்கட்டும். அம்மூன்றும் சமமாக இருக்கும் இரு விமானங்களுள் ஒன்றைத் தெரிவு செய்யும்போது மட்டும் அதனைக் கணக்கில் எடுத்தாற் போதும்.